தனித்தனியாகச் சொன்னவை

அக்காவின் வலது கையை அட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். டிரிப்ஸ் ஊசி ஆடாமல் இருக்கவாம். சிஸ்டர் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, சிஸ்டர், அது கை இல்லை, பாதி வாய், இடது கையில் குத்துங்களேன் என்று சொல்ல நினைத்தேன், நினைத்தது தொண்டைவரை வந்தது, இடது கையில் குத்தினால் மட்டும் என்ன, அதுவும் பாதி வாய்தானே என்று தோன்ற அப்படியே விழுங்கிவிட்டேன். எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. அக்கா கட்டின கையைத் தூக்கி மேலும் கீழும் பார்க்கிறாள், கிரிக்கெட் மட்டை மாதிரி என் பக்கம் வீசிக் காட்டிச் சிரிக்கிறாள். தலையை இரட்டைச் சடையாகப் பின்னி, கொலுசையும் கண்ணாடி வளையலையும் கழற்றி அம்மா மடியில் போட்டுவிட்டு, பச்சைக் கவுனை மாட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். இருபத்தேழு வயதுக்காரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். பள்ளிக்கூடம் அவள் போனதில்லை. கொலுசும் வளையலும்கூட அவளுக்காகப் போட்டதில்லை, எங்களுக்காகப் போட்டது, எந்த அறையில் இருக்கிறாள் என்று எங்களுக்குக் கேட்க வேண்டுமே. தன் காலில் ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. டாக்டரம்மா மாடி வார்டைப் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு உன் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள், எடுத்தபிறகு உனக்குப் பிள்ளை பிறக்காது என்று. மாதா மாதம் அவளைச் சுருட்டிப் போடுகிற வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறோம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். "வீட்டாளுங்க எல்லாரும் சரின்னுட்டீங்க. அந்தப் பொண்ணுகிட்ட யாரு பேசப்போறா? அவ தலையாட்டாம நான் கத்தி வைக்கமாட்டேன்" என்று டாக்டரம்மா நேற்றே சொல்லிவிட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சோறு, குளியல், தூக்கம் அளவுக்குக் கை வரும். மாமாவுக்கு வா, போ. அவளோடு கையால் முழுசாகப் பேசத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

அக்காவின் கையில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆளிடம் எது துருத்திக்கொண்டிருக்கிறதோ அதுதான் ஆள். மூக்கில் இடதுபக்கம் ஒரு தட்டு, அது மூக்குத்தி, அது அம்மா. காற்றிலே ஒரு தொந்தியை வளைத்துத் தடவினால் மாமா. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினால் பக்கத்து வீட்டு லூர்து டீச்சர், தெற்றுப்பல். ஒருநாள் டீச்சரே அதைப் பார்த்துவிட்டு, "ஏய் சிவம், என்னையப் பாத்து என்னமோ காட்டுதாளே உங்கக்கா, என்னது அது" என்றார். "நீங்க நல்லாச் சிரிப்பீங்களாம் டீச்சர்" என்றேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் கொடுத்தார், நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றோம். அப்பாவுக்கு நெஞ்சில் இரண்டு குத்து, அவருடைய இருமல். அப்பா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, இப்போதும் நெஞ்சில் குத்தினால் வந்து நிற்கிறார், ஆள் இல்லை, இருமல் மட்டும் நிற்கிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது அவளுக்கு. எனக்குச் சுண்டுவிரல். சின்னதில் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேனாம். டாக்டர் என்றால் கழுத்தைச் சுற்றி ஒரு மாலை, அது ஸ்டெதஸ்கோப். கல்யாணம் என்றால் மூன்று முடிச்சு. சாவு என்றால் இரண்டு மூக்குத்துளையிலும் விரல், பஞ்சு அடைப்பது. அவளுக்கு அவள்? நெஞ்சைத் தொட்டால் ஆயிற்று. நாங்கள் அவளைப் பற்றி அவளுக்குப் பின்னால் பேசும்போது வேறு ஒன்று வைத்திருந்தோம். அம்மா உதட்டைப் பூட்டிச் சாவி திருப்புவதுபோலக் காட்டுவாள். ஒரு தடவை அக்கா அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். யார் அது, வாய் பூட்டின ஆள், யார் என்று என்னிடம் வந்து கேட்டாள். உனக்குத் தெரியாது, அடுத்த தெரு என்றேன். பாவமே என்று உச்சுக்கொட்டுகிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள், அந்த அடுத்த தெரு ஆளுக்காக.

அப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அம்மாவின் அப்பா, தாத்தா, எங்கள் வீட்டில் இருந்தவரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை சொல்லுவார், எல்லாம் வெட்டுக்குத்து, கண்ணைப் பிடுங்கினான், கழுவிலே ஏத்தினான், தலையை மடியில் கட்டிக்கொண்டு தலையில்லாதவள் நடந்து போனாள். அவர் வாயைப் பார்த்துப் பார்த்து நான் கையால் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். என் கையில் யாரும் சாகமாட்டார்கள். ஏழு அண்ணன்மார் ஒரு தங்கச்சியைச் சுள்ளி பொறுக்கக் கூட்டிப்போய் நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள், தாத்தா கதையில் அவளை எறும்பு தின்றுவிடும், கொஞ்சங்கொஞ்சமாக, கண்ணிலிருந்து தொடங்கும். என் கையில் ஏழு பேரும் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து கூட்டிப்போய்விடுவார்கள். அக்கா அதையே திரும்பத் திரும்பக் கேட்பாள், ஏழு விரலைக் காட்டி, திரும்பி வரும் காலைக் காட்டி. தாத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ வேற என்னமோ சொல்லுதடே, இவ சிரிக்கா" என்பார். இரக்கம் என்று யாராவது நினைக்கலாம். இரக்கம் இல்லை. அவள் அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, தன் அழுகை தனக்குக் கேட்காததால் அது எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத் தெரியாது, தெருவே எட்டிப் பார்க்கும், தேற்றுகிற வேலை எனக்கு. தூக்கம் வரும் எனக்கு. அதனால் ஏழு பேரையும் திரும்பி வரச்சொன்னேன்.

"ஏல சிவம், சொல்லிட்டியா?" மாமா வாசலில் டீ டம்ளரோடு நிற்கிறார். "இன்னும் இல்ல மாமா." "என்னல இன்னும் இல்ல, வில்லுப்பாட்டா பாடச் சொன்னேன். வயித்தக் காட்டு, வலியக் காட்டு, போயிரும்னு கைய விரி. சோலி முடிஞ்சிது." "வெரட்டாத அண்ணே, அவன் சொல்லுவான்" என்கிறாள் அம்மா, கொலுசைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல். இத்தனைக்கும் இதை ஆரம்பித்து வைத்தது நான்தான், ஆரம்பித்து வைத்தது என்று சொல்ல முடியாது, நான் சொன்னது ஒன்று, மாமா எடுத்துக்கொண்டது ஒன்று. மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா, வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவாமல், என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய், கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். பக்கத்தில் கிடந்த கரியை எடுத்து நகத்தின் மேலே தேய்த்துக் காட்டினாள். பிறகு தன் பின்னால் இரண்டு கால்கள் வருவதைக் காட்டினாள், நின்றால் நிற்பதைக் காட்டினாள், தோளில் ஒரு கை வந்து விழுவதைக் காட்டினாள். விசாரித்தேன். பண்டல் ஏற்றுகிற ஒருத்தன், வண்டிக் கதவில் நசுங்கி நகம் கறுத்துப்போனவன். ஊரிலே ஆயிரம் பேருக்கு நடுவில் வைத்துக் கேட்டாலும் அவன் ஒருத்தனைத்தான் அந்த நகம் காட்டும், அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருந்தாள். மாமாவிடம் சொன்னேன். மாமா அவனிடம் போவார் என்று நினைத்தேன். மாமா டாக்டரிடம் போனார். "நாளைக்கு எவனாவது ஒருத்தன் கையப் பிடிச்சு இழுத்துட்டாம்னு வையி. வயித்துல வாங்கிட்டு வந்து நின்னா, இவளால யாருன்னு சொல்ல முடியுமா. பொறக்குறதும் இவள மாதிரியே பொறந்து தொலச்சா? மாசாமாசம் வலியும் இருக்கு, ஒரே சோலியா முடிச்சிரலாம்." யாரென்று அவள் சொல்லிவிட்டாள் மாமா என்று சொன்னேனா. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், மெதுவாகச் சொல்லியிருப்பேன். அக்கா காட்டியது நகத்தை. மாமா பார்த்தது அக்கா வயிற்றை. விரல் ஒரு பக்கம் நீள, பார்க்கிறவன் விரலுக்குச் சொந்தக்காரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் இன்னும் பண்டல் ஏற்றிக்கொண்டிருக்கிறான். இந்நேரம் ஏற்றிக்கொண்டிருப்பான்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். டெட்டால் வாசனை மூக்கில் ஏறி நெற்றியில் நிற்கிறது. அம்மாவுக்கு வயதாகிறது, அம்மாவுக்குப் பிறகு அக்கா என்னோடுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை, அக்கா ஒருத்தி என்றால் சரி. அக்காவும் அக்காவோடு ஒன்றும் என்றால். அந்த ஒன்றுக்கும் காது கேட்காது என்றால். நான் இன்னொரு தடவை எல்லா ஆளுக்கும் புதிதாகக் கை கண்டுபிடித்து, எல்லாக் கதையிலும் ஏழு பேரைத் திரும்பி வரச்சொல்லி. இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை, மாமாதான் அப்படி நினைக்கிறார், நான் மாமா இல்லை, எனக்குத் தொந்தி இல்லை. அக்கா என் முட்டியைத் தட்டுகிறாள். கழுத்தைச் சுற்றி மாலை போட்டு, உள்ளங்கையை விரிக்கிறாள், டாக்டர் எங்கே. வருவாங்க என்கிறேன். சொல்லிவிடு. இப்போது சொல்லிவிடு, மாமா டம்ளரைக் கொடுக்கப் போயிருக்கிறார், அம்மா முந்தானையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது என்னிடம். வயிற்றுக்கு இருக்கிறது, கத்திக்கு இருக்கிறது, பிள்ளைக்கு இருக்கிறது, இல்லை என்பதற்கு இருக்கிறது. சம்மதமா என்பதற்குத்தான் இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்பதற்கு உண்டு. உன்னை இப்படிச் செய்யட்டுமா என்பதற்கு இல்லை, தேடிப் பார்க்கிறேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தேடுகிறேன், கிடையாது. காது குத்தும்போது யாரும் அவளைக் கேட்கவில்லை, செவிடர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டாம் என்று முடிவு பண்ணியபோது கேட்கவில்லை, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க உட்காரவைத்தபோது கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் கை தானாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். சரி, கேட்க வேண்டாம், சொல்லவாவது செய். முழங்கையை மடித்தேன். இரண்டு தடவை ஆட்டினேன், பிள்ளை. அடுத்து இல்லை என்று கை அசைய வேண்டும், அவ்வளவுதான் மீதி. அதற்குள் அக்காவின் முகம். ஆபீஸ் வேப்பமரத்தில், கூட வேலை செய்கிற சுந்தரியின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருப்பார்கள், குச்சி அடுக்கிக்கொண்டே கால் பெருவிரலில் கயிற்றை மாட்டி அக்காதான் ஆட்டுவாள், அப்போது இருக்கிற முகம். கட்டாத இடது கை மெல்ல எழுந்து நெஞ்சைத் தொடுகிறது, கண்ணில் ஒரு கேள்வி. என்னுடையதா. நான் மடித்த கையைத் தட்டிவிட்டுக்கொண்டேன், சட்டையில் ஏதோ தூசி இருந்ததுபோல.

எடுப்பது என்றால் எடுக்கிற ஆள் வேண்டும், எடுக்கப்படுகிற ஒன்று வேண்டும், எவளிடமிருந்து எடுக்கிறார்களோ அவள் வேண்டும். மூன்றும் ஒரே மூச்சில் சேர்ந்து நின்றால்தான் அது எடுப்பது. தனித்தனியாக நின்றால்? டாக்டரைத் தனியாகக் காட்டலாம், கழுத்தில் மாலை, அது உண்மை. வயிற்றைத் தனியாகக் காட்டலாம், தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை, உண்மை. அவளைக் காட்டலாம். வலியைக் காட்டலாம், துணி பிழிவதுபோல அடிவயிற்றில் ஒரு முறுக்கு. வலி போய்விடும், அதுவும் உண்மைதான். ஒவ்வொன்றையும் காட்டிய பிறகு கையைக் கீழே இறக்கிவிட்டால் போதும், ஒன்றை ஒன்று தெரியாதவர்கள் ஒரே பஸ்ஸுக்கு நிற்பதுபோல எல்லாம் வரிசையாக நிற்கும். ஒன்றுகூடப் பொய்யில்லை. எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒன்றுகூடப் பொய்யில்லை. இது எப்படி இவ்வளவு நேரம் தோன்றாமல் போயிற்று என்று ஆச்சரியமாக இருந்தது, ஆச்சரியத்துக்குப் பின்னால் ஒரு நிம்மதி, நிம்மதிக்குப் பின்னால் பசி, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் படியில் இறங்குகிறது. அறைக்குள் எல்லாரும் நிமிர்ந்தோம், அக்காவைத் தவிர. எங்கள் முகம் திரும்பியதைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். "என்ன தம்பி, பேசியாச்சா?" "பேசிட்டிருக்கேன் மேடம்." "எனக்கு முன்னாடி பேசுங்க. நானும் பாக்கணும்." மாமா உள்ளே வந்து சுவரோரம் நின்றார். நான் ஆரம்பித்தேன். டாக்டர். கையை இறக்கினேன். அக்கா தலையாட்டினாள். பார்த்தேன், மேலே சொல் என்பதற்கும் அவள் தலையைத்தான் ஆட்டுவாள், வீட்டில் எல்லாருக்கும் தெரியும் அது, டாக்டரம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. தூக்கம், கன்னத்தில் கை. தலையாட்டினாள். வயிறு. கத்தி, வலிக்காது. கொஞ்சம் பயந்தாள், பிறகு தலையாட்டினாள். அடிவயிற்று முறுக்கு, இனிமேல் போய்விடும், இரண்டு கையையும் காற்றில் விரித்து ஊதிக் காட்டினேன். சிரித்தாள். "குழந்தையப் பத்திச் சொன்னீங்களா?" என்றார் டாக்டரம்மா. "நீங்க கையில குழந்தை காட்டவே இல்லையே." இவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அந்த ஒன்று தெரியும். சுவரோரம் மாமா தொண்டையைச் செருமினார். "சொல்றேன் மேடம்." முழங்கையை மடித்தேன். பிள்ளை. ஆட்டினேன். இல்லை என்கிற கை எனக்குப் பக்கத்திலேயே இருந்தது, மடக்கி வைத்த விரல் நுனியில் இருந்தது. கையை இறக்கினேன். வலி போய்விடும். பிள்ளை. நான் இரண்டையும் சேர்க்கவில்லை. அக்காதான் சேர்த்துக்கொண்டாள். என் கண்ணுக்கு முன்னால், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வலி போகிறது, அதனால், பிள்ளை, என்று அவள் முகத்தில் அது கூடி வந்ததைப் பார்த்தேன். கண் நிறைந்து வழிந்தது. தலையாட்டினாள், ஆட்டினாள், இரட்டைச் சடையும் தோளில் அடிக்க நிறுத்தாமல் ஆட்டினாள். டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். "பாவம், நல்லாப் புரிஞ்சிருக்கு. அழுதாலும் தைரியமான பொண்ணு" என்றார். "எம்புள்ள அப்படித்தான் மேடம்" என்றாள் அம்மா. மாமா வெளியே போய் யாருக்கோ போன் போட்டார்.

ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளுகிறார்கள். நானும் பக்கத்திலேயே நடக்கிறேன், டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாக அவள் முகத்தின் மேலே வந்து போகின்றன. சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது. தியேட்டர் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள், உள்ளேயிருந்து யாரோ திறக்க வேண்டும். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒற்றைக் கைதான். மடித்து மார்போடு சேர்த்துக் காற்றை ஆட்டினாள், பிள்ளை. பிறகு அதே கையைக் காதுக்குக் கொண்டுபோனாள், மடலைப் பிடித்துக்கொண்டாள், பிறகு உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினாள். அதற்குக் காது கேட்குமா. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, ஆபீஸில் குச்சி சரியாக அடுக்கியிருக்கிறதா என்று மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்ப்பாளே அந்தக் கவனம் முகத்தில். பதில் வேண்டும் அவளுக்கு. கேட்கும் என்று சொல்லலாம், இரண்டு விரலை அசைத்தால் போதும். இல்லை என்று சொல்லலாம், பிள்ளையே இல்லை என்று இப்போதுகூடச் சொல்லலாம், கதவு திறக்கவில்லை, டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருப்பார், ஒரு கை அசைவு. மறுபடியும் கேட்டாள். பிள்ளை, காது, விரித்த கை. இன்னும் வேகமாக. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை, சக்கரத்துப் பக்கம் அட்டை கட்டின கை கம்பியில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் என் இமை மேல் ஒரு விரல் வந்து தொட்டது, ஸ்பிரிட் வாசனையோடு, ஈரமாக. மெதுவாகத்தான் மேலே தூக்கப் பார்த்தது, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி. நான் இறுக்கினேன். விரலும் விடவில்லை. "தம்பி, தள்ளுங்க, உள்ள போகணும்" என்றது ஒரு குரல். விரல் இமையிலிருந்து கன்னத்தில் இறங்கி, தாடையில் இறங்கி, இழுபட்டுப் போயிற்று. கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. "கண்ணத் தொறங்க தம்பி, ஒண்ணும் ஆவாது" என்று அதே குரல் சொன்னது, "அவ்வளவு பாசமா."